ஏர்கானைக் கழுவுவதா, கழற்றுவதா? டர்பன் புழுக்கத்தில் ஒரு வீட்டுக் கணக்கு

தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் கொடி ஏறிய வாரம் எங்கள் ஹால் ஏர்கான் ஒழுக ஆரம்பித்தது. முதலில் ஒரு சொட்டு, அப்புறம் சுவரில் ஒரு கோடு. கோடு இறங்கிய இடத்துக்கு நேர் கீழே சாமி விளக்கு. அத்தை விளக்கைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு, "இந்தப் பொட்டிக்கு எங்கேர்ந்தும்மா இவ்ளோ தண்ணி?" என்றார்.

சரியான கேள்வி. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது புரியவில்லை.

(ஊரில் நாம் ஏசி என்போம். தென்னாப்பிரிக்காவில் அது ஏர்கான். மதுரையிலிருந்து வந்து பதினாலு வருஷம் ஆகிறது, என் வாயிலும் அப்படியே வருகிறது.)

மறுநாள் வந்த மெக்கானிக் இரண்டு நிமிஷம் டார்ச் அடித்துப் பார்த்தார். மெஷின் பழசு, தூக்கிப் போடுங்கள், இந்தத் தடவை 18,000 வேண்டாம், 24,000 பி.டி.யூ (மெஷினின் குளிர்விக்கும் திறனைச் சொல்லும் அளவு) போடுங்கள் என்றார். அடுத்த நாள் வந்தவர் கேஸ் குறைவாக இருக்கிறது, ஏற்றினால் போதும் என்றார். ஒருவர் முழு மெஷினை விற்கப் பார்த்தார், இன்னொருவர் அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வெறும் கேஸை விற்கப் பார்த்தார். ஒழுகுவது ஏன் என்று இருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டர்பன், அமன்சிம்டோட்டி, டொங்காட் என்று கடலோரமாக இருக்கும் நம்மவர்கள் பலரும் இதே கேள்வியைக் கேட்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு இசிபிங்கோ பீச்சில். கடல் நடக்கும் தூரம். ஹாலில் 2011இல் வாங்கிய 18,000 பி.டி.யூ மெஷின், பழைய ஆர்-22 கேஸ். பெட்ரூமில் 2018இல் போட்ட 12,000, ஆர்-410ஏ கேஸ். அத்தையின் அறையில் ஒன்றும் கிடையாது, ஆனால் பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவை மடிப்பில் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. ஒரே வீட்டில் மூன்று அறை, மூன்று வேறு பிரச்சினை.

சூடு இல்லை, ஈரம்

டர்பனில் ஜனவரி மாதச் சராசரி அதிகபட்ச வெப்பம் 28 டிகிரி சுற்றித்தான். சித்திரை வெயிலில் 38, 40 பார்த்த மதுரைக்காரிக்கு இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கும். ஆனாலும் இங்கே முதல் கோடையில், மதுரையில்கூடப் படாத பாடு பட்டேன். காரணம் கடல். வடக்கேயிருந்து கரையை ஒட்டி இறங்கும் அகுல்யாஸ் நீரோட்டம் வெதுவெதுப்பானது. அதன் மேலிருந்து வரும் காற்று நனைத்த துண்டு மாதிரி ஈரத்தைச் சுமந்து வரும். வேர்வை வரும், காயாது. ராத்திரி 21, 22 டிகிரி என்று கணக்கு சொல்லும், தலையணை நனைந்திருக்கும்.

28 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 23 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் அதில் தண்ணீரை விட்டுவிடும். ஏர்கானுக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள், அதாவது காயில், 10 டிகிரி பக்கம் இருக்கிறது. அப்படியானால் அது குளிர்விக்கும் மெஷின் மட்டுமல்ல, காற்றைப் பிழியும் மெஷினும்கூட. ஒரு ராத்திரி பெட்ரூம் ஏர்கானின் டிரெயின் பைப்புக்கு அடியில் வாளி வைத்தேன். பத்து மணிக்குப் போட்டது, காலை ஆறு மணிக்கு ஐந்தரை லிட்டர் நின்றது. அத்தை கேட்ட கேள்விக்குப் பதில் அந்த வாளியில் இருந்தது.

ஒரு லிட்டர் ஆவியைத் தண்ணீராக்க கிட்டத்தட்ட 0.68 யூனிட் அளவு வெப்பத்தை அந்த மெஷின் வெளியே தள்ள வேண்டும். ஐந்தரை லிட்டருக்கு ஏறக்குறைய 3.7 யூனிட். அறையை ஒரு டிகிரிகூடக் குறைக்காமல், தண்ணீரைப் பிழிவதற்கு மட்டும் ஆன வேலை அது. (கரண்ட் பில்லில் அவ்வளவு ஏறாது. ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட் வெப்பத்தைத் தள்ளும் மெஷின் என்றால் ஒன்றேகால் யூனிட் வரும்.) அதனால் நான் எந்த யோசனையையும் எவ்வளவு ஜில்லென்று இருக்கும் என்று பார்க்கவில்லை. எத்தனை லிட்டரை எவ்வளவு செலவில் வெளியேற்றும், அடுத்த ஐந்து வருஷம் அதைச் செய்யுமா என்றுதான் பார்த்தேன்.

அப்படிப் பார்த்தால் "24,000 போடுங்கள்" முதல் சுற்றிலேயே அடிபட்டுப் போகிறது. இங்கே மெக்கானிக்குகள் தோராயமாக ஒரு சதுர மீட்டருக்கு 500, 600 பி.டி.யூ என்று பிடிக்கிறார்கள். எங்கள் ஹால் 25 சதுர மீட்டர், மேற்கு வெயில் விழும் பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. 18,000 தாராளம். அதற்கு மேல் போனால் மெஷின் பத்து நிமிஷத்தில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் வடிவதற்குள் ஃபேன் அதை மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடும். ஜில்லென்றும் இருக்கும், கசகசவென்றும் இருக்கும், ஈர லுங்கியைப் போர்த்திய மாதிரி. சாட்ஸ்வர்த்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இப்படித்தான், சின்ன அறையில் பெரிய மெஷின். சோபாவின் பின்பக்கம் பூஞ்சை. அவர்கள் இன்னும் பெரியது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கழுவிப் பார்ப்பது

மூன்றாவதாக ஒரு பெரியவரைக் கூப்பிட்டோம். வந்ததும் மெஷினைத் திறக்கவில்லை. வெளியே போய் டிரெயின் பைப்பின் வாயைப் பார்த்தார். ஒரு கம்பியை விட்டுக் கிளறினார். சுண்டுவிரல் அளவு மண் உருண்டை வந்து விழுந்தது, பின்னாலேயே சளி மாதிரி பச்சையாக ஏதோ, அதற்கும் பின்னால் தண்ணீர். குளவி கூடு கட்டியிருக்கிறது. பதினெட்டாயிரத்தைத் தூக்கிப் போடச் சொன்ன ஒழுகலுக்குக் காரணம் அவ்வளவுதான்.

அப்புறம் பெட்ரூம் மெஷினை முழுசாகக் கழற்றிக் கழுவினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். ஃபில்டரை நான் மாதாமாதம் தட்டி மாட்டிக்கொண்டிருந்தேன், சுத்தமாக இருக்கிறது என்றுதான் நினைப்பு. உள்ளே உருளையாகச் சுற்றும் ஃபேன் இருக்கிறதே, அதன் ஒவ்வொரு இதழிலும் கறுப்பாக அப்பு. சமையலறை எண்ணெய்ப் புகை, சாமி அறைக் கற்பூரக் கரி, அதன் மேல் ஈரம், அதன் மேல் பூஞ்சை. விரலால் தேய்த்தால் மை மாதிரி ஒட்டியது. ஏழு வருஷமாக அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறோம். கழுவிய தண்ணீர் இரண்டு வாளி, மூன்றாவது வாளிதான் தெளிந்தது.

கழுவியதற்குப் பலன் உண்டா என்று பார்க்க பெரிய கருவி வேண்டாம். சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை மெஷின் காற்றை இழுக்கும் இடத்திலும் ஊதும் இடத்திலும் பிடித்துப் பார்த்தால் போதும். எட்டு முதல் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் நல்லது. ஆனால் ஒன்று, ஈரமான நாளில் இந்த வித்தியாசம் சற்றுக் குறைவாகத்தான் வரும், மெஷினின் பலத்தில் ஒரு நல்ல பங்கு தண்ணீரில் போய்விடுவதால். அதைப் பார்த்து கேஸ் குறைவு என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் இரண்டாவது மெக்கானிக் அந்த ரகம் என்று இப்போது தோன்றுகிறது. கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். எழுபதைத் தாண்டியே நின்றால் பூஞ்சை கட்டாயம், ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் வைத்திருக்கப் பார்க்கவேண்டும். இந்த வீட்டில் நான் செலவழித்த காசில் உருப்படியான காசு அந்த மீட்டருக்குக் கொடுத்ததுதான்.

பெட்ரூமில் கழுவுவதற்கு முன் ராத்திரி 68 காட்டியது, கழுவிய பிறகு 57. புது மெஷின் வேண்டாம் என்று அந்த அறைக்கு அன்றே முடிவாகிவிட்டது.

கடலோரத்தில் கழுவுவதில் இன்னொரு பாதி வெளியே இருக்கிறது. அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகள், அவற்றைத் துளைத்துப் போகும் செம்புக் குழாய், நடுவில் உப்பு ஈரம். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி, அரிபடுவது அலுமினியம். மாதம் ஒரு தடவை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தோட்டத்துக் குழாயால் மெதுவாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினாலே ஆயுள் கூடும். கார் கழுவும் பிரஷர் வாஷரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தகடுகள் படுத்துவிடும். ஆசிட் கலந்த கிளீனரும் வேண்டாம், உப்பு செய்கிற வேலையை அது ஒரே நாளில் செய்துவிடும்.

கேஸ் ஏற்றுவது

ஹால் மெஷினுக்கு வருவோம். குளவிக் கூட்டை எடுத்ததும் ஒழுகல் நின்றது. ஆனால் பெரியவர் அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத் தகட்டை விரலால் தடவினார். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. கீழ் மூலையில் உள்ளங்கை அளவுக்குத் தகடே இல்லை, செம்புக் குழாய் மட்டும் எலும்பு மாதிரி தெரிந்தது. அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. எண்ணெய் தெரிகிற இடத்தில் கேஸ் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் ஓட்டை, வேறு காரணம் கிடையாது. "வருஷா வருஷம் கேஸ் போடணும்" என்று யாராவது சொன்னால் ஓட்டைக்கு வாடகை கட்டச் சொல்கிறார் என்று பொருள். நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குழாய் இணையும் நட்டில் கசிவு என்றால் அதிர்ஷ்டம், இறுக்கியோ வாயை மறுபடி விரித்தோ சரி செய்துவிடலாம், மெஷின் இன்னும் பல வருஷம் ஓடும். காயிலே அரித்துப்போய் ஊசித்துளை விழுந்திருந்தால் ஒன்றை அடைக்க அடுத்தது திறக்கும்.

ஆர்-22 என்றால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஓசோனைக் கெடுக்கும் கேஸ் என்பதால் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி படிப்படியாக நிறுத்தப்பட்டு வருகிறது. தென்னாப்பிரிக்கா போன்ற வளரும் நாடுகளுக்குக் கெடு 2030, அதற்குப் பிறகு பழைய மெஷின்களைப் பராமரிக்கக் கொஞ்சம் மட்டும். வரத்து குறையக் குறைய கிலோ விலை ஏறத்தான் செய்யும். அதே மெஷினில் ஆர்-410ஏ ஊற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் வாசலைக் காட்டுங்கள். அதன் அழுத்தம் ஆர்-22ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல், பழைய குழாயும் கம்ப்ரசரும் அதற்குக் கட்டியவை அல்ல.

ஆக ஹாலுக்குக் கேஸ் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் விலை ஏறிக்கொண்டே போகும் பாலை ஊற்றுவது. கழற்ற வேண்டியதுதான். முதல் மெக்கானிக் சொன்ன முடிவுக்கே வந்து சேர்ந்தேன், அவர் சொல்லாத காரணத்துக்காக.

புதுசு என்றால் எது

கடையில் இன்வெர்ட்டர், சாதா என்று இரண்டு வரிசை. இங்கே இன்வெர்ட்டர் என்ற சொல்லே ஒரு குழப்பம். லோட் ஷெட்டிங்குக்காக வீட்டில் பேட்டரியோடு மாட்டுவதும் இன்வெர்ட்டர், ஏர்கானுக்குள் இருப்பதும் இன்வெர்ட்டர். எங்கள் வீட்டுக்காரரே, "அதான் நம்ம வீட்ல இருக்கே" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டார். ஏர்கானில் உள்ளது கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு. சாதா மெஷின் முழு வேகம், பிறகு முழு நிறுத்தம். இன்வெர்ட்டர் அறை குளிர்ந்த பிறகு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் ஊர் ஈரத்துக்கு ஓடிக்கொண்டே இருப்பதுதான் வேண்டும், தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். கரண்டும் மிச்சம். ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டும் குறைவு. சாதா கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு இழுக்கும், அதில் வீட்டுப் பேட்டரி இன்வெர்ட்டர் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். 2023இல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது பட்டவர்களுக்கு இது புரியும். 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் விட்டுப்போனாலும் நடுநடுவே தலைகாட்டத்தான் செய்தது. எந்த மெஷின் ஆனாலும், கரண்ட் திரும்பும் நொடியில் வரும் அடியைத் தாங்க ஒரு சர்ஜ் பாதுகாப்பு போட்டுவிடுங்கள். போன கரண்ட் வந்ததும் மூன்று நான்கு நிமிஷம் பொறுத்துத்தான் கம்ப்ரசர் கிளம்ப வேண்டும்.

இன்வெர்ட்டருக்குக் குறை இல்லையா? இருக்கிறது, விற்கிறவர்கள் சொல்வதில்லை. வெளி யூனிட்டுக்குள் ஒரு எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. உப்புக்காற்று அதற்கு ஆகாது. கதகதப்பாக இருப்பதால் பல்லி உள்ளே போய் இரண்டு முனையில் கால் வைக்கும், பல்லியும் போகும் போர்டும் போகும். போர்டின் விலையைக் கேட்டால் பேசாமல் இன்னொரு மெஷின் வாங்கிவிடலாமா என்று தோன்றும். சாதா மெஷினில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரு கப்பாசிட்டர், அரை மணி நேர வேலை. வருஷத்தில் பத்து நாள் விருந்தாளி வரும்போது மட்டும் போடுகிற அறை என்றால் நான் இப்போதும் சாதாவைத்தான் வாங்குவேன், கிடைத்தால்.

இன்னொன்று. இன்வெர்ட்டர் மிக மெதுவாக ஓடும்போது காயில் அவ்வளவாகக் குளிராது, ஃபேன் வேகமாக இருந்தால் தண்ணீர் பிடிபடாமல் போகும். அதனால் ராத்திரி ஃபேனைக் குறைவாக வைக்கவேண்டும், அல்லது ரிமோட்டில் தண்ணீர்ச் சொட்டுப் படம் போட்ட டிரை மோடு. பல கம்பெனிகள் தொழில்நுட்பத் தாளில் மணிக்கு எத்தனை லிட்டர் ஈரம் எடுக்கும் என்று ஒரு வரி போடுகின்றன. ஒரே 18,000இல் இரண்டு மாடலுக்கு அந்த எண் நன்றாகவே மாறுகிறது. கடைக்காரரிடம் கேட்டேன், பி.டி.யூ தெரியும், வைஃபை தெரியும், இது அவருக்குத் தெரியவில்லை. நெட்டில் தேடி எடுத்துக்கொண்டேன்.

கேஸ் ஆர்-32ஆ, ஆர்-410ஏயா என்றால் ஆர்-32. பூமியைச் சூடாக்கும் திறனை கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் இதற்கு 675, அதற்கு 2,088. ஒரே பொருளால் ஆனதால் நிரப்புவதும் எளிது. கொஞ்சம் தீப்பற்றும் தன்மை உண்டு, அதனால் குழாயைத் திறக்கிறவருக்குப் பயிற்சி வேண்டும். இந்த நாட்டில் கேஸ் கையாளுகிறவர்கள் எஸ்.ஏ.க்யூ.சி.சி. கேஸ் அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும், அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

மாட்டுகிற அன்று ஆபீஸுக்கு லீவு போட்டேன். வீண் போகவில்லை. குழாயை இணைத்ததும் வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். பம்ப் வண்டியிலேயே இருக்கிறது, கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிடலாமே என்றார் கூட வந்த பையன். பம்பை எடுத்து வாப்பா என்றேன். இந்த ஊர்க் காற்று குழாய்க்குள் இருந்தால் அந்த ஈரம் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து ஆசிட் ஆகும், இரண்டு வருஷம் கழித்து ஒன்றும் தெரியாமல் கம்ப்ரசர் செத்துப்போகும். அரை மணி நேரம் பம்ப் ஓடியது, நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

பழைய யூனிட் கடலைப் பார்த்த கிழக்குச் சுவரில் இருந்தது. புதியதைச் சமையலறைக்குப் பின்னால், மதிலின் மறைவுக்கு மாற்றினோம். தகட்டில் பூச்சு போட்ட மாடல்தான், ஆனாலும் பூச்சை நம்பிக் கடல் காற்றின் எதிரே வைக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. செம்புக்காக யூனிட்டையே அறுத்துக்கொண்டு போகிறவர்கள் இருப்பதால் கம்பிக் கூண்டும் போட்டோம், காற்று போக நான்கு பக்கமும் இடைவெளி விட்டு. ஃபிளாட்டில் இருப்பவர்கள் பாடி கார்ப்பரேட்டின் (ஃபிளாட் உரிமையாளர்கள் சங்கம்) அனுமதியை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

வேண்டாம் என்று விட்டவை

ஏர் கூலர். மதுரையில் அம்மா வீட்டில் ஓடுகிறது, அப்பிங்டன் பக்கத்து வறண்ட ஊர்களில் நன்றாகவே வேலை செய்யும். 38 டிகிரி, 15 சதவீத ஈரம் என்றால் அது 20 டிகிரி அருகே வரை குளிர்விக்கலாம். டர்பனில் 30 டிகிரி, 75 சதவீதத்துக்கு 26க்குக் கீழே போகவே முடியாது, அதற்குள் அறையைக் குளியலறை ஆக்கிவிடும். உருட்டிக்கொண்டு போகும் ஒற்றைக் குழாய் ஏர்கானும் வேண்டாம். குழாய் வழியே அறைக் காற்றை வெளியே தள்ளுகிறது, அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கு வழியே வெளிப் புழுக்கம் உள்ளே வருகிறது. வாடகை வீட்டில் வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும்.

அத்தையின் அறை

அத்தைக்கு ஏர்கான் ஆகாது. "கால் குடையும்மா" என்பார், அதோடு பேச்சு முடிந்தது. ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்றால் குரங்கு. டர்பனில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை சாமிக்கு வைத்த வாழைப்பழத்தைச் சீப்போடு எடுத்துக்கொண்டு போய் மதில் மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது. ஆக ஜன்னல் மூடியே இருக்கும், ஈரமும் உள்ளேயே இருக்கும்.

அந்த அறைக்கு டீஹியூமிடிஃபயர் வாங்கினோம், ஈரம் உறிஞ்சும் பெட்டி. இதில் ஏமாறுவது சுலபம். டப்பாவில் ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது 30 டிகிரி, 80 சதவீதத்தில் எடுத்த அளவு. உங்கள் அறை காயக் காய அது பாதிக்கு இறங்கும். முக்கியமாக, இது அறையைக் குளிர்விக்காது, சூடாக்கும். தான் எடுக்கும் 300 வாட்டையும் விடும், தண்ணீரான ஆவியின் வெப்பத்தையும் அறைக்குள்ளேயே விடும். மணிக்கு அரை லிட்டர் பிடித்தால் மொத்தம் 640 வாட் ஹீட்டர் ஒன்று மூலையில் எரிகிற கணக்கு. ராத்திரி ஆள் தூங்கும்போது போடுகிற பொருள் அல்ல இது.

அதனால் அத்தை பகலில் சமையலறையிலோ கோயிலிலோ இருக்கும் நேரம் கதவைச் சாத்தி ஓட விடுகிறோம், 55க்கு வந்ததும் தானாக நின்றுவிடும். ராத்திரிக்குச் சீலிங் ஃபேன். பழையது 70 வாட், மாற்றிய பி.எல்.டி.சி. ஃபேன் (கரண்ட் குறைவாக எடுக்கும் மோட்டார் உள்ளது) 30 வாட். காய்ந்த காற்றில் ஃபேன் போட்டால் வேர்வை காயும், கால் குடையாது. புடவையில் பூஞ்சை நின்றது. வெறும் ஃபேன் மட்டும் இருந்த காலத்தில் ஈரக் காற்றைத்தான் அது சுற்றிக்கொண்டிருந்தது.

குளிர்காலம் என்று ஒன்று

ஊரில் உள்ளவர்களிடம் இங்கே ஹீட்டர் வாங்கினேன் என்றால் சிரிக்கிறார்கள். ஜூலை ராத்திரிகள் 11 டிகிரி அருகே இறங்கும், சுவர்களில் இன்சுலேஷன் கிடையாது, பத்து மணிக்கு மேல் மூக்கு நுனி சில்லென்று ஆகும். பகலில் மறுபடி 22, 23. நடுவே ஒரு நாள் மலையிலிருந்து பெர்க் காற்று இறங்கி, ஜூலையிலேயே ஃபேன் போட வைக்கும். வருஷத்தில் முப்பது, நாற்பது ராத்திரி விவகாரம். இதற்காகத் தனியாகப் பெரிய செலவு செய்வது எனக்குப் பிடிக்கவில்லை.

புதிய ஹால் மெஷின் வெயில் காலத்தில் உள் வெப்பத்தை வெளியே தள்ளும், குளிரில் திருப்பி ஓடி வெளி வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். 11 டிகிரி வெளிக்காற்றிலிருந்து ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவு சூடு தரும். ஆயில் ஹீட்டர் ஒன்றுக்கு ஒன்றுதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி மிட்லண்ட்ஸ் பக்கம் உறைபனி விழும் ஊர்களில் வெளி யூனிட்டில் ஐஸ் பிடித்து, அதை உருக்க நடுநடுவே மெஷின் நிற்கும். அங்கே இருப்பவர்கள் கணக்கு வேறு. கடலோரத்தில் அந்தத் தொல்லை இல்லை.

கேஸ் ஹீட்டரைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்வேன். கொழுந்தனார் வீட்டில் 9 கிலோ சிலிண்டர் மாட்டிய, புகைபோக்கி இல்லாத ஹீட்டர். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருகிறது. ஒரு சிலிண்டர் தீரும்போது கிட்டத்தட்ட 15 லிட்டரைச் சுவரிலும் மெத்தையிலும் ஊற்றியாகிவிட்டது. கோடை முழுவதும் காசு கொடுத்துப் பிழிந்து எடுத்ததைக் குளிர்காலத்தில் காசு கொடுத்தே திரும்ப விடுவது இது. ஜன்னல் சாத்திய அறையில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு.

அத்தைக்கு எலக்ட்ரிக் பிளாங்கெட் வாங்கிக் கொடுத்தோம். நூறு வாட்கூட இல்லை. படுப்பதற்கு அரை மணி முன்பு போட்டு, படுக்கும்போது அணைத்துவிடுகிறார்.

இப்போது செப்டம்பரில், புரட்டாசி பிறப்பதற்கு முன்பு, இரண்டு மெஷினையும் அந்தப் பெரியவர் வந்து கழுவுகிறார். மாத முதல் சனிக்கிழமை அவுட்டோர் யூனிட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது மகன் வேலை. டிரெயின் பைப்பின் வாய்க்குக் கொசுவலைத் துண்டு கட்டியிருக்கிறோம், வாரம் ஒரு தடவை தட்டிவிட்டால் போதும். அந்தத் தண்ணீரில்தான் அத்தையின் கறிவேப்பிலைச் செடி வளர்கிறது.

போன வாரம் வீட்டுக்காரர் ஒரு ஆஃபர் நோட்டீஸோடு வந்தார். பெட்ரூமுக்கும் புது இன்வெர்ட்டர் போட்டுவிடலாமாம், நவம்பர் முடிவு வரை தள்ளுபடியாம். "முதல்ல வாளியை வைங்க" என்றேன். வைத்தார். காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து நோட்டீஸை மடித்து டிராயரில் போட்டார். ஐந்து லிட்டருக்கு மேல் இருந்தது.